இரண்டு சுருதிச் சாவிகள்

நோர்டால், சஸ்காச்சுவான்
4 அக்டோபர் 1976

அன்புத் தங்கை சிக்னேவுக்கு,

அண்ணன் ஹால்வோர் எழுதுவது. இங்கே நானும் உன் அண்ணியும் சுகம். மழைக்கு முன்னால் கோதுமை களஞ்சியம் சேர்ந்துவிட்டது. டொராண்டோவில் நீயும் உன் முழங்கால் வலியும் எப்படி இருக்கிறீர்கள்?

போன ஞாயிறு சர்ச்சில் கோழி விருந்து. முந்நூறு பேர் சாப்பிட்டார்கள். போர்கில்ட் இரண்டு நாள் நின்று உருளைக்கிழங்கு ரொட்டி சுட்டாள். எனக்கு மிஞ்சியது இரண்டு.

இனி எழுதப்போவதைப் படித்து நீ சிரிப்பாய். சிரித்துக்கொள். அப்பா செய்த சுருதிச் சாவி தேய்ந்துவிட்டதோ என்று எனக்குச் சந்தேகம் வந்திருக்கிறது. அதை வைத்துத்தான் நாற்பது வருஷமாக இந்தப் பக்கத்துப் பியானோக்களில் தந்தி சுற்றிய முளைகளைத் திருப்பிச் சுருதி சேர்த்து வருகிறேன், உனக்குத் தெரியும். விருந்தன்று பியானோ வாசித்த குட்ருன், பாத்திரம் கழுவுகிற இடத்தில் என்னை ஓரமாகக் கூப்பிட்டு, "ஹால்வோர், தப்பா நெனச்சுக்காதே. மேல் கட்டையெல்லாம் கொஞ்சம் கூசுது. என் காதுதானோ என்னவோ" என்றாள். நான் சுருதி சேர்த்து நான்கு நாள்தான் ஆகியிருந்தது.

வருகிற ஏப்ரலில் மாவட்ட இசைப் போட்டி நம் சர்ச்சில் நடக்கிறது. வின்னிபெக்கிலிருந்து நடுவர் வருகிறார். பியானோ சரியில்லை என்றால் ரெஜைனாவிலிருந்து ஆளை வரவழைக்கலாம் என்று சபையில் பேச்சு. சர்ச் பியானோ கைவிட்டுப் போனால் மற்ற நாற்பத்திரண்டு வீடுகளும் ஒவ்வொன்றாகப் போய்விடும். சாப்பாட்டுக்குக் கோதுமை இருக்கிறது, அதைச் சொல்லவில்லை. அந்த வீடுகளுக்குப் போகாமல் நான் என்ன செய்வேன்?

உன் ஜெர்மன் சாவி நிஜமாகவே அவ்வளவு நல்லதா? அந்த விலைக்குத் தக்க வித்தியாசம் அதில் இருக்கிறதா? இந்தத் தடவை சண்டைக்காகக் கேட்கவில்லை.

உன் பதிலுக்குத் தபால் பெட்டியைப் பார்த்துக்கொண்டிருக்கும்,
ஹால்வோர்


டொராண்டோ
15 அக்டோபர் 1976

அன்பு அண்ணா,

முழங்கால் மாடிப்படியைப் பார்த்தால் மட்டும் வலிக்கிறது. மற்றபடி நான் சுகம். அண்ணியிடம் எனக்கும் ரொட்டி வரவில்லை என்று சொல்.

சிரித்தேன். இசைக் கல்லூரியில் என் பியானோப் பட்டறையில் உட்கார்ந்து தனியாகச் சிரித்தேன். பிறகு அப்பா அந்தச் சாவியைச் செய்த நாள் ஞாபகம் வந்துவிட்டது. மழையே இல்லாத வருஷம். வைக்கோல் வாரும் வண்டியின் உடைந்த அச்சை எடுத்து மூன்று மத்தியானம் அரம் போட்டார். மண்வெட்டிக் காம்பை அறுத்துப் பிடி வைத்தார். எனக்குப் பதினான்கு வயது. "இது சாவியா, மாட்டுக்குக் குளம்பு வெட்டுற ஆயுதமா?" என்று கேட்டேன். அவர் கோபிக்கவில்லை. "முளைக்கு வெல தெரியாதுடி. நீ புடிச்சுத் திருப்பு" என்றார். பனிவண்டியில் நாம் மூன்று பேரும் போர்வைக்குள் உட்கார்ந்து வீடு வீடாகப் போவோம். நீ கட்டையைத் தட்டுவாய், அவர் திருப்புவார். எந்த வீட்டில் எந்தப் பலகாரம் கிடைக்கும் என்று கணக்கு வைத்துக்கொள்வது என் வேலை. அந்த வாசனையெல்லாம் இப்போதும் எனக்கு வருகிறது.

நீ கேட்டதற்குப் பதில்: ஆமாம், வித்தியாசம் இருக்கிறது. மட்டச் சாவி, முளை திரும்புவதற்கு முன்னால் தானே கொஞ்சம் வளையும். கை ஏமாந்துபோகும். நல்ல சாவியில் மரத்துக்குள் முளை நகர்வது விரல் நுனிக்குத் தெரியும். நான் ஒரு பசுமாட்டின் விலை கொடுத்து வாங்கினேன் என்று நீ இருபது வருஷம் கேலி பேசினாய். என்னிடம் இரண்டு இருக்கின்றன. ஒன்றை இன்றே பார்சலில் அனுப்புகிறேன். நீயே வைத்துக்கொள்.

வென்றுவிட்ட தங்கை,
சிக்னே


நோர்டால்
9 நவம்பர் 1976

அன்புத் தங்கை சிக்னேவுக்கு,

நாங்கள் சுகம். பனி ஒரு முழம் விழுந்திருக்கிறது. முழங்காலுக்கு வாத்துக் கொழுப்பு தடவு, மருந்துக் கடைக்காரனுக்குக் கொட்டிக் கொடுக்காதே.

சாவி வந்தது. வெல்வெட் பெட்டிக்குள் மாப்பிள்ளை மாதிரி படுத்திருந்தது. போர்கில்ட், "இதுக்குத் தனியா ஒரு தலகாணி போடட்டுமா?" என்றாள். கையில் நன்றாகத்தான் உட்காருகிறது, ஒத்துக்கொள்கிறேன். அதை எடுத்துக்கொண்டு போய் லார்சன் வீட்டுப் பியானோவைச் சேர்த்தேன். லார்சன் மனைவி, "பிரமாதம் ஹால்வோர்" என்றாள். ஆனால் அதைச் சொல்லும்போது அவள் காபிக் குவளையைத்தான் பார்த்தாள்.

உண்மையைச் சொன்னால் எனக்கு ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. மேல்தந்திகளில் இன்னும் ஏதோ பிடிபடாமல் நழுவுகிறது. இந்தச் சாவியின் தலை கொஞ்சம் கோணலாக இருக்குமோ? நம் பக்கத்து முளைகளுக்குப் பொருந்தாதோ? உனக்குத்தான் இந்த விலை கூடின சாமான்களின் குணம் தெரியும். யோசித்து எழுது.

அண்ணன்,
ஹால்வோர்


டொராண்டோ
28 நவம்பர் 1976

அன்பு அண்ணா,

நான் சுகம். கல்லூரியில் கிறிஸ்துமஸ் கச்சேரிகள் ஆரம்பித்துவிட்டன, உட்கார நேரமில்லை. வாத்துக் கொழுப்பு தடவினேன், பக்கத்து வீட்டுப் பூனை என்னை விட்டு நகர மாட்டேன் என்கிறது.

சாவியின் தலை கோணல் இல்லை. அனுப்புவதற்கு முன்னால் நானே ஒரு பியானோ முழுக்கச் சேர்த்துப் பார்த்தேன். பொருந்தாது என்பதும் இல்லை, முளை எல்லா ஊரிலும் சதுரம்தான்.

ஒரு பரீட்சை செய்து பார். உன் முன்னறைப் பியானோவில் மேல் கட்டை ஒன்றை அப்பா சாவியால் சேர். அதே தந்தியைத் தளர்த்திவிட்டு என் சாவியால் மறுபடி சேர். அண்ணியைப் பக்கத்தில் உட்கார வைத்து, எது நன்றாக இருக்கிறது என்று கேள்.

இன்னொன்றும் கேட்க வேண்டும், எப்படிக் கேட்பது என்றுதான் தெரியவில்லை. முப்பது வருஷம் கூரை இல்லாத டிராக்டரில் உட்கார்ந்து உழுதவன் நீ. டாக்டரிடம் காதைக் காட்டினாயா?

அன்புடன்,
சிக்னே


நோர்டால்
12 ஜனவரி 1977

அன்பு சிக்னே,

புத்தாண்டு வாழ்த்து. உன் அண்ணி போர்கில்ட் எழுதுகிறேன், ஹால்வோருக்குத் தெரியாமல். அவர் டவுனுக்குத் தீவனம் வாங்கப் போயிருக்கிறார். உடம்புக்கு ஒன்றுமில்லை, நன்றாகச் சாப்பிடுகிறார்.

உன் கடிதம் வந்து ஆறு வாரம் ஆகிறது. அதைப் படித்துவிட்டு மடித்துப் பைபிளுக்குள் வைத்தவர் பதில் எழுதவே உட்காரவில்லை. நீ கேட்ட கேள்வியை நான் இரண்டு வருஷமாகக் கேட்க நினைத்துக் கேட்காமல் இருக்கிறேன். அடுப்பில் கெட்டில் கூவும், அவர் பக்கத்திலேயே உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருப்பார்.

உனக்கு ஒன்று தெரிய வேண்டும். ஊருக்கே தெரியும், அவருக்கு மட்டும்தான் தெரியாது. முடிதிருத்தும் கடை வைத்திருக்கிற ஓரெஸ்ட் கொஞ்சம் சுருதி சேர்க்கக் கற்றிருக்கிறான். ஹால்வோர் ஒரு வீட்டுக்குப் போய்விட்டு வந்தால், இரண்டு நாள் கழித்து ஓரெஸ்ட் அந்த வீட்டுக்குப் போய் மேல்தந்திகளைச் சரி செய்துவிடுவான். கூலி வாங்க மாட்டான். ஹால்வோரிடம் யாரும் சொல்ல மாட்டார்கள். அக்டோபரில் அவன் தன் மைத்துனன் கல்யாணத்துக்குப் போய்விட்டான், அதனால்தான் கோழி விருந்தன்று அந்தக் கூத்து. குட்ருன் வாய் தவறிச் சொல்லிவிட்டு இன்றைக்கு வரைக்கும் அழுகிறாள்.

ஏப்ரல் போட்டிக்கும் ஓரெஸ்ட் பார்த்துக்கொள்வான். அதுவரைக்கும் இவர் தைரியம் போகாமல் இருக்க வேண்டும். சாவிகளைப் பற்றி நீ சொன்னால்தான் நம்புவார். நீ அனுப்பிய சாவிதான் பழுது என்று ஒரு வரி எழுதிவிடு, சிக்னே. உன் காலைப் பிடித்துக் கேட்கிறேன்.

அண்ணி,
போர்கில்ட்


டொராண்டோ
22 ஜனவரி 1977

அன்பு அண்ணி,

சுகம்தான், உங்கள் கடிதம் வரும் வரைக்கும். ஊர் முழுக்கச் சேர்ந்து இப்படி ஒரு நாடகமா? என் அண்ணன் என்ன சின்னக் குழந்தையா? எனக்குக் கோபம் கோபமாக வருகிறது. யார் மேல் கோபப்படுவது என்றுதான் தெரியவில்லை.

நீங்கள் கேட்டபடி எழுதுகிறேன். ஓரெஸ்டுக்கு என் நன்றியைச் சொல்லுங்கள்.

சிக்னே


டொராண்டோ
23 ஜனவரி 1977

அன்பு அண்ணா,

நீயும் அண்ணியும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே குளிர் எலும்பைத் தொடுகிறது.

உன்னிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும். நான் அனுப்பிய சாவியின் ஜோடியை நேற்று ஒரு கருவிப் பட்டறையில் காட்டினேன். தலைக்குள் மெல்லிய கீறல் இருக்கிறதாம். அந்த வருஷத்தில் வந்த சாவிகள் எல்லாமே அப்படித்தானாம். வளையாது என்று நான் பீற்றிக்கொண்டதெல்லாம் சும்மா. மேல்தந்திகள் நழுவுவது உன் தப்பு இல்லை. விலையைப் பார்த்து நான்தான் ஏமாந்தேன். அப்பாவின் சாவியிலும் வாய் தேய்ந்திருக்கும், இத்தனை வருஷம் ஆகிவிட்டதே. போன கடிதத்தின் கடைசியில் நான் கேட்டதை மறந்துவிடு.

தோற்றுப்போன தங்கை,
சிக்னே


நோர்டால்
27 பிப்ரவரி 1977

அன்புத் தங்கை சிக்னேவுக்கு,

சுகம். கன்று ஒன்று பிறந்திருக்கிறது, நெற்றியில் வெள்ளை. நீயும் சுகமாக இருக்க வேண்டும்.

உன் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். பிறகு தொழுவத்துக்குப் போய்க் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். சிக்னே, நீ பிறந்ததிலிருந்து விலை கூடின சாமான் எதையாவது ஒரு வார்த்தை குறை சொல்லியிருக்கிறாயா? நீ வாங்கிய இத்தாலிச் செருப்பு குதிகாலைக் கடித்துப் புண்ணாக்கியபோது, "செருப்பு சரியாத்தான் இருக்கு, என் கால்தான் மட்டம்" என்றவள் நீ. அப்படிப்பட்டவள் ஜெர்மன் சாவி கீறல் விட்டது என்று எழுதினால் நான் என்ன நினைக்க வேண்டும்? போர்கில்ட் உனக்கு எழுதியிருக்கிறாள். சாவி இல்லை, என் காதுதான் என்பது உறுதியாகிவிட்டது.

அவளிடம் கேட்காதே. உன்னிடம் மட்டும் சொல்கிறேன், எனக்குத் தெரியும். போன வருஷம் மே மாதத்திலிருந்து தெரியும்.

சுருதி சேர்த்து முடித்ததும் இடது ஓரத்துக் கடைசிக் கட்டையை உருவி, அதன் பக்கவாட்டில் பென்சிலால் தேதியும் பெயரின் முதல் எழுத்தும் எழுதிவைப்போமே, அதை ஊர்க்காரர்கள் எங்கே கண்டார்கள்? லார்சன் வீட்டில் கட்டையை உருவினேன். முந்தின தடவை நான் எழுதிய தேதிக்குக் கீழே, இரண்டு நாள் தள்ளி இன்னொரு தேதி. பக்கத்தில் ஓரெஸ்டின் எழுத்து. அடுத்த வீட்டிலும் அதேதான். ஒன்பது வீடுகளில் பார்த்தேன். பத்தாவது வீட்டிலிருந்து கண்ணை வேறு பக்கம் வைத்துக்கொண்டே எழுதிவிட்டு வந்தேன். ஊரே வாயைப் பொத்திக்கொண்டிருந்தாலும் அந்த முட்டாளுக்கு எழுதாமல் வர மனசில்லை. என்னாலும் முடியாது, உன்னாலும் முடியாது. அதனால் அவன் மேல் கோபம் வரவில்லை.

சாவிதான் காரணம் என்றால் வேறு சாவி வாங்கிவிடலாம். அந்த ஒரு ஆசையில்தான் அக்டோபரில் உனக்கு எழுதினேன். பார்சல் வந்த அன்று எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா?

நீ சொன்ன பரீட்சையையும் ஜனவரியில் செய்தேன். அப்பா சாவியால் ஒரு தடவை, உன் சாவியால் ஒரு தடவை. இரண்டும் ஒன்றுபோலவே இருந்தன, மயிரிழை வித்தியாசம் இல்லை. நாற்பது வருஷச் சண்டையில் ஜெயித்துவிட்டேன் என்று உனக்கு எழுதப் பேனாவைக்கூட எடுத்துவிட்டேன். திரும்பிப் பார்த்தால் போர்கில்ட் காதைப் பொத்திக்கொண்டு சமையலறைக்குப் போய்க்கொண்டிருந்தாள்.

எனக்கு வெட்கமாக இருக்கிறது. எனக்குத் தெரியும் என்று ஊருக்குத் தெரிந்தால் அதோடு எல்லாம் முடிந்தது. என்னை யாரும் கூப்பிட மாட்டார்கள். எனக்கு இன்னும் அந்த வீடுகளுக்குப் போக வேண்டும், சிக்னே.

அண்ணன்,
ஹால்வோர்


டொராண்டோ
8 மார்ச் 1977

அண்ணா,

நான் சுகமா என்று கேட்காதே. உன் கடிதத்தை டிராமில் படித்து, இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டி நாலு நிறுத்தம் போய்விட்டேன். பக்கத்தில் இருந்த அம்மாள் கைக்குட்டை கொடுத்தாள்.

பொய் எழுதியதற்கு என்னை மன்னித்துவிடு. அந்தச் சாவியில் ஒரு குறையும் இல்லை, நீ சொன்னது சரி. அதைக் குறை சொல்லி எழுத எனக்குப் பாதி நாள் பிடித்தது.

நான் யோசனை எதுவும் சொல்லப்போவதில்லை. இதுவரைக்கும் எல்லோரும் உனக்குப் பின்னால் சொன்ன யோசனைகளே போதும். நீ போட்டிக்கு என்ன செய்யப் போகிறாய் என்பதை மட்டும் எழுது. நல்லதோ கெட்டதோ, உன் கையெழுத்தில் எனக்கு வர வேண்டும்.

உன் தங்கை,
சிக்னே


நோர்டால்
26 ஏப்ரல் 1977

அன்புத் தங்கை சிக்னேவுக்கு,

சுகம். பனி உருகி முற்றமெல்லாம் சேறு. போர்கில்டுக்கு ஜலதோஷம், அதைத் தவிர வீட்டில் குறையில்லை. கடிதம் எழுத நாளாகிவிட்டது, கோபிக்காதே. உன் முழங்காலைக் கேட்டதாகச் சொல்.

போட்டிக்கு முந்தின வாரம் முடி வெட்டிக்கொள்ளப் போனேன். ஓரெஸ்ட் என் கழுத்தில் துணியைக் கட்டினான். கடையில் வேறு யாரும் இல்லை. கண்ணாடியில் அவன் முகத்தைப் பார்த்துக் கேட்டேன்.

"சர்ச் பியானோவுக்கு என்னைக்கு வரப் போறே?"

"எந்தப் பியானோ? நான் எதுக்கு?"

"ரெண்டு நாள் கழிச்சு வராதே. செவ்வாய்க்கிழமை என்கூடவே வந்துடு. ரெண்டு தடவை அடுப்பு மூட்டினா சபைக்கு வெறகு தண்டம்."

கத்தரிச் சத்தம் நின்றுவிட்டது. அவன் எதிரில் வந்து என் முகத்துக்கு நேரே குனிந்து, "எவ்வளவு நாளாத் தெரியும்?" என்றான்.

"போன மே மாசம்."

"அட பாவி மனுஷா! நான் ரெண்டு வருஷமா வண்டியப் பின்தெருவுல நிறுத்திட்டுப் பனியில நடந்து போறேன்யா!"

நான் சிரித்தேன். அவனும் சிரித்தான், பிறகு மூக்கைச் சிந்தினான். அன்றைக்கு அவன் வெட்டியதில் என் தலை ஒரு பக்கம் ஏறி ஒரு பக்கம் இறங்கிவிட்டது. போர்கில்ட், "எந்தக் குடிகாரன்கிட்டப் போனீங்க?" என்று கேட்டாள். அவளிடமும் அன்றே எல்லாம் சொன்னேன். ஏப்ரனை முகத்தில் போட்டுக்கொண்டு அழுதாள். இரண்டு வருஷத்து அழுகை, சீக்கிரம் ஓயவில்லை.

செவ்வாய்க்கிழமை நடுவிலும் கீழேயும் நான் சேர்த்தேன். அங்கே எனக்கு இன்னும் ஒன்றும் மங்கவில்லை. பிறகு எழுந்து அவனுக்கு நாற்காலியை விட்டேன். எழுந்து நிற்பது எவ்வளவு கஷ்டமாக இருந்தது என்று உனக்குத்தான் சொல்ல முடியும். அவன் திருப்புகிறபோது கட்டையைத் தட்டிக்கொண்டு பக்கத்தில் நின்றேன்.

போட்டி நன்றாக நடந்தது. வின்னிபெக் நடுவர் கடைசியில் பியானோவைப் பாராட்டிவிட்டு, யார் சேர்த்தது என்று கேட்டார். போதகர் வழக்கம்போல என் பெயரைச் சொன்னார். எல்லோரும் கை தட்டினார்கள். நான் எழுந்து, "கீழ்ப் பாதிதான் என்னோடது. மேல் பாதி ஓரெஸ்டோடது. இன்னைக்கு மட்டுமில்ல, ரெண்டு வருஷமாவே அவனோடதுதான்" என்றேன்.

லார்சன் தன் பூட்ஸைப் பார்த்தான், அவன் மனைவி தொப்பியைச் சரி செய்தாள். அப்போது பியானோவுக்குப் பக்கத்திலிருந்து குட்ருன், "அப்பாடா! இனிமே ஒருத்தருக்குத் திங்கக்கிழமை, இன்னொருத்தருக்குப் புதன்கிழமைன்னு தனித்தனியாக் காபி போட வேண்டாம்" என்றாள். யார் முதலில் சிரித்தது என்று தெரியவில்லை, கூரை அதிர்ந்துவிட்டது. வெளியே வருவதற்குள் ஏழு வீட்டுக்காரர்கள் எங்கள் இரண்டு பேரையும் சேர்த்துக் கூப்பிட்டுவிட்டார்கள். ரெஜைனா ஆளின் பேச்சை அப்புறம் யாரும் எடுக்கவில்லை.

மேல் பாதிக்கு எந்தச் சாவி என்றுதானே கேட்கப் போகிறாய்? உன்னுடையதையும் அப்பாவுடையதையும் பக்கத்தில் வைத்து, எதை வேண்டுமானாலும் எடுத்துக்கொள் என்றேன். இரண்டையும் எடுத்து எடை பார்த்துவிட்டு மரியாதையாகத் திருப்பி வைத்துவிட்டான். அவனுடையது தபாலில் சாமான் அனுப்புகிற கடையின் பட்டியலைப் பார்த்து வாங்கியது, பிளாஸ்டிக் பிடி, மூன்று தடவை முடி வெட்டுகிற கூலி. அதை வைத்துத்தான் கடைசித் தந்தி வரைக்கும் சேர்த்தான். மணிமணியாக இருந்தது என்று குட்ருன் சொன்னாள், நடுவர் சொன்னார், போர்கில்டும் சொன்னாள். நான் நம்பினேன்.

உன் அண்ணன்,
ஹால்வோர்